சுத்துது... ஆனா பத்தலை!

களமருதூரில் எல்லாம் உண்டு. ஏரி உண்டு, நெல் உண்டு, கரும்பு உண்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி அமெரிக்க ஜனாதிபதியை ராஜினாமா செய்யச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. கடல் மட்டும் கிடையாது. கடல் பார்க்க ஆசைப்பட்டால் உளுந்தூர்பேட்டைக்குப் போய், அங்கிருந்து கடலூருக்கு பஸ் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் என் தாய்மாமன் கொல்லைக்குப் போகிற வண்டிப்பாதையில் ஒரு நாள் படகு ஓடும், அதுவும் நான் அதில் உட்கார்ந்திருப்பேன் என்று எந்த ஜோசியராவது சொல்லியிருந்தால், தட்சணையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மாமாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது அறுபத்திரண்டு. பிறந்த வீட்டை விட்டு ஓர் அடி நகராமல் மூன்று மாவட்டங்களில் குடியிருந்தவர். பிறந்தபோது தென்னாற்காடு. 1993-ல் விழுப்புரம். 2019-ல் கள்ளக்குறிச்சி. "நான் எங்கயும் போவல மாப்ளே, மாவட்டந்தான் என்னத் தேடிக்கிட்டு வருது" என்பார். இரண்டு வருஷமாக அவரைத் தேடி வந்திருப்பது சிறுநீரகக் கோளாறு. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். "ஆபீஸ் போற மாதிரி போயிட்டு வரேன். சம்பளம் மட்டும் நம்ம கையிலேருந்து போவுது" என்று அதையும் ஒரு ஜோக்காக ஆக்கி வைத்திருந்தார்.

2024 நவம்பர் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். கூடவே ஃபெஞ்சல் புயலும் வந்தது. நவம்பர் 30-ம் தேதி சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்ததும் போயிருக்க வேண்டியதுதானே? வீட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசற்படியில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுவாரே, அந்த மாதிரி உள்ளே நுழைந்து நிலத்து மேலேயே நின்றுகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. திங்கட்கிழமை விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரை ஊர்களின் கதை பேப்பரில் வந்தது. எங்கள் கதை ரொம்பச் சின்னது. மேலே எங்கேயோ ஓர் ஏரிக்கரை உடைந்தது. மாமாவின் கொல்லை வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே அரை கிலோமீட்டருக்குத் தண்ணீர் நின்றது. வாய்க்கால் இருந்த இடத்தில் அது நிற்கவில்லை, ஓடியது.

கடைசி டயாலிசிஸ் வெள்ளிக்கிழமை. திங்கள் போச்சு. செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தால் அத்தை எடுத்தார். "காலு வீங்கிப் போச்சுப்பா. படுத்தா மூச்சு வாங்குதுன்னு ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாரு."

டயாலிசிஸ்காரர்களின் சங்கடம் வெளியிலிருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. உடம்பில் சேருகிற தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் அளந்துதான் குடிக்க வேண்டும். மாமாவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதுவும் காபி, ரசம் எல்லாம் சேர்த்து. வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தண்ணீர். அவர் டம்ளரால் அளந்துகொண்டிருந்தார். கிணறு மூழ்கிவிட்டது. தோப்பில் இளநீர் தொங்கியது. அதையும் தொடக் கூடாது. அதிலிருக்கும் பொட்டாசியம், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இதயத்தையே நிறுத்திவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

லாரி டியூப் கட்டி இழுக்கலாமா என்று பார்த்தோம். வாய்க்கால் இழுப்பில் டியூப் மட்டும் தனியாக ஊர் சுற்றப் போய்விட்டது.

மத்தியானம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. கடற்கரை ஊரிலிருந்து மீனவர்கள் லாரியில் படகு கொண்டு வந்திருக்கிறார்கள்! இரண்டு ஃபைபர் படகுகள். பெரியதை எடுத்துக்கொண்டு படகுக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். சின்னதையும் தன் தங்கை மகனையும் எங்களிடம் விட்டுப் போனார். பையனுக்குப் பத்தொன்பது இருக்கும். பூனைமீசை. கட்டம் போட்ட லுங்கி. எங்களையெல்லாம் பார்த்து, "கவலப்படாதீங்கண்ணே" என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு, நாலு நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

லாரி மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து படகை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினோம். பெட்ரோல் டேங்க் தனி. ஒரு சூட்கேஸ் சைசுக்கு சிவப்பு பிளாஸ்டிக் டப்பா. அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை, வேறு எதற்கும் லாயக்கில்லாத ஆசாமி என்ற தகுதியில், எனக்குக் கொடுத்தார்கள். நானும் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

* * *

படகைத் தண்ணீரில் இறக்கினோம். பையன் குழாயை மாட்டினான். குழாய்க்கு நடுவில் ஒரு ரப்பர் பந்து, பி.பி. பார்க்கிற டாக்டர் அமுக்குவாரே, அது மாதிரி. அதை நாலு தடவை அமுக்கினான். கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே 'டர்ர்ர்' என்று பிடித்துக்கொண்டது. கரையில் கைதட்டல். நானும் ஏறிக்கொண்டேன். கிளம்பி மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். தூரத்தில் மாமா வீட்டு மொட்டைமாடியில் அத்தையின் பச்சைப் புடவை தெரிந்தது. எழுந்து நின்று கையாட்டப் போனேன்.

'டர்ர்... டர்... டொப்.'

நின்றுவிட்டது. பையன் கயிற்றை இழுத்தான். இன்ஜின் சுற்றியது. பற்றவில்லை. மறுபடி இழுத்தான். சுற்றியது. பற்றவில்லை. இருபது தடவை இழுத்திருப்பான். வாய்க்கால் இழுப்பு படகை மெதுவாகத் திருப்பி, ஒரு பனைமரத்தின் இடுப்பில் கொண்டுபோய் இடித்தது. அதைக் கட்டிக்கொண்டோம். பிறகு கரையிலிருந்து கயிறு வீசி, இழுத்து, கொண்டு வந்து சேர்த்தார்கள். மூங்கில் கழியால் தள்ளிப் பார்க்கலாம் என்றால் வாய்க்கால் நடுவில் கழிக்குத் தரை எட்டவில்லை. மணி நாலரை. டிசம்பர் மாதம், ஆறு மணிக்கு இருட்டிவிடும்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்குக் கிளம்பி, பைக்கை உதைத்து உதைத்துச் சட்டை நனைந்தவர்களுக்கு இந்த நிலைமை தெரியும். அறவே சுற்றாத வண்டி மேல் நமக்குக் கோபம் வராது, செத்துவிட்டது என்று மனசு சமாதானமாகிவிடும். சுற்றிக்கொண்டே பற்றாமல் இருக்கிறதே, அதுதான் மனுஷனைக் கொல்லும். அடுத்த உதை, அதற்கு அடுத்த உதை என்று ஆசை காட்டிக்கொண்டே இருக்கும்.

நம் ஊரில் ஓர் இன்ஜின் நின்றால் போதும், சுற்றி நிற்கும் அத்தனை பேரும் இன்ஜினீயர்கள். "சோக்க இழு" என்றார் ஒருவர். "சோக்க வுடு" என்றார் பக்கத்திலிருந்தவர். "ஃபில்டர் அடைச்சிருக்கும்." "நாளு சரியில்ல, சூடம் காட்டுங்க." ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்தபடியே, "காயில் போயிருக்கும்" என்று பொதுமக்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். பையன் எல்லோர் பேச்சையும் கேட்டான். எல்லாவற்றையும் பாதி பாதி செய்தான். அவன் கை நடுங்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஸ்திரி வந்தார்.

எழுபது வயசு. ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுக்குக் கிணறு ஆயில் இன்ஜின் ஓடியது. அத்தனைக்கும் வைத்தியம் பார்த்தவர் இவர்தான். இலவச மின்சாரம் வந்து மோட்டார் மாட்டியதும் இன்ஜின்கள் கொட்டகைக்குப் போயின. மேஸ்திரி திண்ணைக்குப் போனார். வந்தவர் இன்ஜினைத் தொடவில்லை. பையனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"தம்பி, இது ஓடாமலே நிக்குதா, ஓடி நின்னுதா?"

"ஓடி நின்னுது தாத்தா. மூணு நிமிஷம் நல்லா ஓடுச்சு."

"சட்டுனு நின்னுதா, இழுத்து இழுத்து நின்னுதா?"

"இழுத்து இழுத்து."

"அப்ப பயப்படாத. ஒண்ணும் ஒடயல. இனிமே நான் சொல்றதத் தவிர எவன் சொல்றதும் உன் காதுல விழக் கூடாது."

பையன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

* * *

மேஸ்திரி ஆயுளெல்லாம் பார்த்தது டீசல் இன்ஜின். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன்காரர் 1897-ல் ஓட்டிக் காட்டியது. அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றைப் போட்டு அமுக்குகிற அமுக்கில் அது கொதிக்கும். அதில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். (அந்த டீசல், 1913 செப்டம்பர் 29-ம் தேதி ராத்திரி, இங்கிலாந்துக்குப் போகிற கப்பலிலிருந்து காணாமல் போனார். பிறகு கடலில் பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள். படகுக்கும் இன்ஜினுக்கும் அப்படி ஒரு பழைய பகை.) பையன் கொண்டுவந்தது பெட்ரோல் இன்ஜின், இரண்டு சிலிண்டர், படகின் பின்பக்கம் தொங்குகிற ஜாதி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் இதை வியாபாரமாக்கினார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஏரியில் துடுப்புப் போட்டு வந்தாராம். வந்து சேருவதற்குள் உருகிவிட்டதாம். அந்த ஆத்திரத்தில் பிறந்த யோசனை என்று கதை சொல்வார்கள். நம் கடற்கரைக்குப் படகு இன்ஜின் வந்த கதையிலும் நார்வேக்கு இடம் உண்டு. 1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கேரளாவில் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில்தான் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் வைக்கும் பெரிய திட்டத்தை ஆரம்பித்தார்கள்.

ஜாதி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான் என்றார் மேஸ்திரி. "காத்து, எண்ணெ, நெருப்பு, அமுக்கு. நாலும் இருந்தா ஓடியே ஆவணும். ஓடலன்னா நாலுல ஒண்ணு வரல. எது வரலன்னு கண்டுபுடி. அதுக்கு முன்னாடி ஸ்பேனரத் தொடாத."

ஆரம்பித்தார்கள். முதலில் பைசா செலவில்லாத சமாசாரங்கள். ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் இன்ஜின் தானே நிற்பதற்காகச் சிவப்புக் கயிற்றோடு ஒரு கிளிப் உண்டு. அது கழன்றிருந்தால் காலமெல்லாம் இழுத்தாலும் பற்றாது. கிளிப் இருந்தது. டேங்கில் பெட்ரோல் இருந்தது, பாதிக்கு மேல். பெட்ரோலில் மழைத்தண்ணீர் கலந்திருக்குமோ? கொஞ்சம் எடுத்து வாட்டர் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்தார்கள். தண்ணீர் கனமானது, இருந்தால் அடியில் தனியாகப் படியும். படியவில்லை.

அடுத்து பிளக்கைக் கழற்றினான். இரண்டும் காய்ந்து கிடந்தன. "பெட்ரோல் அதிகமா போயிருந்தா நனஞ்சிருக்கும். காஞ்சிருக்குன்னா என்னா அர்த்தம்?" என்றார் மேஸ்திரி, டியூஷன் வாத்தியார் மாதிரி. பெட்ரோல் வாசனை போக ஒதுக்கமாக வைத்து, பிளக்கை இன்ஜின் உடம்பில் தொடவிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். 'டிக் டிக்' என்று நீலமாகப் பொறி. நெருப்பு இருக்கிறது. பிளக் ஓட்டையில் ஒரு மூடி பெட்ரோலை விட்டு, பிளக்கைப் போட்டு இழுத்தான். 'டர்ர்' என்று இரண்டு விநாடி ஓடி நின்றது!

கூட்டம் 'ஹோ' என்றது. மேஸ்திரி கையைக் காட்டி அடக்கினார். "நாம ஊட்டுனா சாப்புடுது. தானா சாப்புடல. அப்ப வயிறு நல்லா இருக்கு. சோறு வர்ற வழியிலதான் கோளாறு."

நான் பி.காம். என் மூளைக்கு டெபிட், கிரெடிட் என்று இரண்டே அறை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது எனக்குத் தெரிந்த வித்தை! டிரயல் பாலன்ஸ் டேலி ஆகாத ராத்திரிகளில் நாங்கள் செய்கிற அதே வேலை. கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் ஒத்து வராவிட்டால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி கூட்டுகிறவன் முட்டாள். வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அதை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எங்கேயாவது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும். ஒன்பதால் வகுபட்டால் எண்ணைத் திருப்பி எழுதியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90, ஒன்பதால் வகுபடும். இந்த இரட்டைப் பதிவு வித்தையை லூக்கா பச்சோலி என்ற பாதிரியார் 1494-ல் வெனிஸ் நகரத்தில்தான் அச்சிட்டு வெளியிட்டார். தெருவுக்குப் பதில் கால்வாய், வண்டிக்குப் பதில் படகு உள்ள ஊர். ஆகவே படகு விஷயத்தில் ஒரு பி.காம். தலையிடுவதில் தப்பே இல்லை.

ஆடிட்டர் ஆபீஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கேள்வி ஞாபகம் வந்தது. "கடைசியா எப்ப டேலி ஆச்சு? அதுக்கப்புறம் எவன் கை வெச்சான்?"

பையன் அப்போது ரப்பர் பந்தைத் தூக்கிக் காட்டினான். சப்பி எறிந்த மாங்கொட்டை மாதிரி ஒட்டிப்போயிருந்தது. "பந்து செத்துப்போச்சு தாத்தா. அமுக்கினா எழும்பவே மாட்டேங்குது."

மேஸ்திரி அதைக் கையில் வாங்கினார். "இன்ஜின் பக்கம் அடைப்புன்னா இது கல்லு மாதிரி இருக்கும். ஒட்டிக் கெடக்குதுன்னா, டேங்கு பக்கம் வரல." நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "இது செத்துப்போவல தம்பி. மூச்சு முட்டிப்போய்க் கெடக்குது. எண்ணெ டின்னு ஒடச்சிருக்கியா? எத்தினி ஓட்ட போடுவ?"

"ரெண்டு."

"எண்ணெ ஊத்துறதுக்கு ஒண்ணு போதுமே, இன்னொண்ணு எதுக்கு?"

"காத்து போறதுக்கு."

என் வயிற்றில் ஏதோ புரண்டது.

டிரெய்லர். மடியில் சிவப்பு டேங்க். பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும்போது பெட்ரோல் வாடை. மூடி மேலே ஒரு சின்ன ஸ்க்ரூ லூஸாக இருந்தது. 'பாவம், பையன் கவனிக்கவில்லை' என்று நினைத்தேன். நான்தான் இறுக்கினேன். அக்கறையாக. பலம் கொண்ட மட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த ஸ்க்ரூதான் டேங்கின் மூச்சுக்குழல். ஓட்டும்போது திறந்திருக்க வேண்டும். பெட்ரோல் வெளியே போகப் போக, போன இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். மூடிவிட்டால் முதல் சில நிமிஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, டேங்க் பெட்ரோலை விடமாட்டேன் என்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். என் மாமாவின் மூச்சைக் காப்பாற்ற வந்த இன்ஜினின் மூச்சை நான் அடைத்திருந்தேன்.

எதுவும் பேசாமல் குனிந்து, ஸ்க்ரூவைத் திருகினேன்.

'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...'

அத்தனை பேருக்கும் கேட்டது. ரப்பர் பந்து ஒரு பெருமூச்சு விட்டு உப்பியது. பையன் நாலு அமுக்கு அமுக்கினான். பந்து கெட்டியானது. கயிற்றை இழுத்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் 'டர்ர்ர்ர்...'

மணி ஐந்தேகால்.

"யார்யா அத மூடினது?" என்றார் டிராக்டர்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் பையன் சொன்னான்: "நாந்தாண்ணே மறந்திருப்பேன்."

நீங்கள் நினைப்பது சரி. அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. 'நேரமில்லை, மாமாதான் முக்கியம்' என்று எனக்கு நானே ஒரு வவுச்சர் எழுதி, நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு படகில் ஏறிவிட்டேன்.

* * *

மாமாவைக் கட்டிலோடு இறக்கினோம். முகம் உப்பி, கண் சின்னதாகி, ஒவ்வொரு மூச்சையும் எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு மஞ்சப்பையில் ஆஸ்பத்திரி ஃபைல், காப்பீட்டு அட்டை, ஆதார், இரண்டு லுங்கி எல்லாவற்றையும் பாலிதீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். படகு கிளம்பியதும் மாமா தண்ணீரைப் பார்த்தார். அந்தத் தண்ணீருக்கடியில் அவருடைய ஒன்றரை ஏக்கர் நெல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இம்மாந் தண்ணி... எனக்கு முக்கா லிட்டரு" என்றார். சிரிக்க முயற்சி செய்து இருமினார். நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கரையில் மச்சான் டிராக்டரில் அவரை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனான். அங்கே கார். எட்டு மணிக்கெல்லாம் மிஷினில் போட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு ராத்திரி தாண்டியிருந்தால் நுரையீரலில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று டாக்டர் மச்சானிடம் சொன்னாராம். நாற்பத்தைந்து நிமிஷத்தை ஒரு ஸ்க்ரூவில் தொலைத்தவன் நான் என்பது டாக்டருக்குத் தெரியாது.

படகு இன்னும் மூன்று நடை போனது. இரண்டு குடும்பங்கள், ஒரு கைக்குழந்தை, நாலு ஆடு. இருட்டியதும் நிறுத்தினோம். டீ வந்தது. டிராக்டர்காரர் மறுபடி ஆரம்பித்தார். "என்னா இருந்தாலும் சின்னப் பசங்கள நம்பி அனுப்பக் கூடாதுய்யா. ஒரு ஸ்க்ரூவத் தெறக்கத் தெரியல. ஒரு உசுரு போயிருந்தா?" எல்லோரும் தலையாட்டினார்கள். பையன் டீயை ஊதிக்கொண்டே குனிந்திருந்தான்.

எனக்கு டீ இறங்கவில்லை.

"அத மூடினது நான்" என்றேன். "வண்டியில வர்றப்ப. பெட்ரோல் ஒழுகுதேன்னு மூடினேன். தம்பி மேல தப்பே இல்ல."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டிராக்டர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ என்னா படிச்சிருக்கே?" என்றார்.

"பி.காம்."

"அதான்" என்றார்.

மேஸ்திரி மட்டும் பீடியைப் பற்றவைத்தபடி, "தெரியாம மூடுறது ஒண்ணும் பெருசில்ல. நானும் ஒரு தபா டீசல் குழாய்க்குள்ள துணிய வெச்சி மறந்துட்டு, மூணு நாளு இன்ஜின இறக்கி ஏத்தியிருக்கேன்" என்றார். அவர் நிஜமாகவே செய்தாரா, எனக்காகச் சொன்னாரா என்பது இன்று வரை தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு பையனிடம் போய், "மன்னிச்சிடு தம்பி" என்றேன்.

"தெரியும்ணே" என்றான்.

"என்னா தெரியும்?"

"நான் மூடுனா ரெண்டு வெரலாலதான் மூடுவேன். நீங்க தெறக்கும்போது பல்லக் கடிச்சிக்கிட்டு தெறந்தீங்க. அவ்ளோ இறுக்கமா எங்க ஊர்ல யாரும் மூட மாட்டாங்க."

"அப்புறம் ஏன்டா நீ பழிய ஏத்துக்கிட்டே?"

"உங்க மாமாவ ஏத்தப் போற நேரம். அப்பப் போயி யாரு மூடினதுன்னு பஞ்சாயத்து வெச்சா இருட்டிடும்ணே. அது மட்டுமில்ல, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாத்திருக்க வேண்டியது நாந்தான். எங்க மாமா கேட்டா அததான் கேப்பாரு."

பத்தொன்பது வயசு. எத்தனையோ கம்பெனிக் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். நஷ்டத்தைத் தன் பக்கம் எழுதிக்கொண்ட மானேஜரை நான் இன்னும் பார்க்கவில்லை.

* * *

சென்னைக்கு வந்ததும் நண்பர்களுக்கெல்லாம் இலவச ஆலோசனை கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன். பைக் சுற்றுகிறது, பற்றவில்லையா? உடனே மெக்கானிக்குக்கு போன் செய்து ஐந்நூறு ரூபாய்க்கு வழி பண்ணாதீர்கள். ஹேண்டிலில் இருக்கும் சிவப்பு சுவிட்சைப் பாருங்கள். பக்கத்து வீட்டு வாண்டு அமுக்கியிருப்பான். டேங்கை ஆட்டிப் பாருங்கள். பழைய வண்டியானால் பெட்ரோல் குழாயின் திருகைப் பாருங்கள். ஓடி ஓடி நிற்கிறது, கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் மூடியில் காற்றுப் போகும் சின்ன ஓட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மழையில் வண்டி நனையக் கூடாதென்று டேங்க் மேல் பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டுகிற புத்திசாலிகளும் கவனிக்கவும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள்.

ரொம்ப முக்கியம்: கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேளுங்கள். முதலில் அந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமா இப்போதும் வாரத்துக்கு மூன்று நாள் 'ஆபீஸ்' போய்வருகிறார். ஸ்க்ரூ கதை அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? டிராக்டர்காரர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் சாத்துக்குடியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். (சாத்துக்குடியும் மாமா சாப்பிடக் கூடாது. கதையை மட்டும் எடுத்துக்கொண்டார்.) அன்றிலிருந்து நான் எப்போது போன் செய்தாலும் உடம்பு எப்படி என்று கேட்க விடுவதில்லை. நான் 'ஹலோ' சொல்வதற்குள் அவர் கேட்டுவிடுகிறார்:

"மாப்ளே, எதையும் மூடலியே?"